பட்டனை அமுக்குறவன் கலையைக் கொல்லலை

கார்த்திகை தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் திருவண்ணாமலை வர்ற நண்பர்கள் சிலர், கிரிவலம் முடிச்ச கையோட எங்க கிராமத்துக்கும் வந்து ஒரு நாள் தங்கிட்டுப் போவாங்க. பம்புசெட்டுல குளிப்பாங்க, பச்சை மல்லாட்டை வேகவெச்சுச் சாப்பிடுவாங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா சாயந்திரம் அம்மன் கோயில் பக்கமிருந்து கீபோர்டு சத்தம் கேட்டுட்டா போதும், முகம் மாறிடும். "உங்க ஊர்லயுமா? பறை, பம்பை எல்லாம் போச்சா? இந்த மெஷின் வந்து எல்லாத்தையும் கொன்னுடுச்சே!" இதே வசனத்தை வருஷத்துக்கு நாலு பேர்கிட்டயாவது கேக்குறேன். விருந்தாளியாச்சேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப எழுதிடறேன்.

கொன்னது மெஷின் இல்லைங்க. அந்த மெஷினுக்குள்ள எங்க ஊர் அடியை உட்கார்த்தி வெச்சுருக்கிற ஒரு பையனைத்தான் நீங்க கொலைகாரன்னு சொல்றீங்க.

முதல்ல அவன் என்ன பண்றான்னு சொல்லிடறேன். பாதிப் பேர், "கீபோர்டுல ஒரு பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிடலாம்"னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க.

கீபோர்டுல 'ஸ்டைல்'னு ஒண்ணு இருக்கு. இடது கையால ஒரு கார்டு பிடிச்சா, அதுக்குத் தகுந்த மாதிரி டிரம், பேஸ், கிட்டார் எல்லாம் தானா கூட வரும். யமாஹா கீபோர்டுல ஒரு ஸ்டைலுக்குள்ள எட்டுத் தடம். ரிதம் ரெண்டு, பேஸ் ஒண்ணு, கார்டு ரெண்டு, பேடு ஒண்ணு, ஃபிரேஸ் ரெண்டு. பாட்டு ஆரம்பிக்க இன்ட்ரோ, நடுவுல மாத்தி மாத்தி வாசிக்க மெயின் ஏ, பி, சி, டி, ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குத் தாவ ஃபில்-இன், முடிக்க எண்டிங். கம்பெனியிலேருந்து வர்றப்பவே நூத்துக்கணக்குல ஸ்டைல் ஏத்தித்தான் வரும். இந்தியாவுக்குன்னே யமாஹா பி.எஸ்.ஆர்-ஐ வரிசை போட்டது. காசியோ 'ஐ.என்.'னு முடியற மாடல்களைப் போட்டது. அதுங்கள்ல தபலா சத்தமும் இந்தியத் தாளங்களும் உண்டு. ஆனா 'இந்தியா'ன்னு எழுதின ஒரு பட்டனுக்குள்ள செங்கம் பக்கத்து அம்மன் கோயில் அடியும், போளூர் பக்கத்துக் கல்யாண ஊர்வல அடியும் எப்படிங்க அடங்கும்?

அடங்காது. அதனாலதான் எங்க ஊர்ப் பையன் செகண்ட் ஹாண்டுல ஒரு பி.எஸ்.ஆர்-எஸ் வரிசை கீபோர்டு வாங்கினான். விலை குறைஞ்ச கீபோர்டுகள்ல பெரும்பாலும் ஸ்டைலை வாசிக்கத்தான் முடியும். இதுல 'ஸ்டைல் கிரியேட்டர்'னு ஒரு பக்கம் இருக்கு. இருக்கிற ஸ்டைல் ஒண்ணை எடுத்து, உள்ளே இருக்கிறதையெல்லாம் துடைச்சுட்டு, நம்ம தாளத்தை நாமளே போட்டுக்கலாம். ரிதம் தடத்துல ஒவ்வொரு கட்டையும் ஒரு வாத்தியம். ஒரு கட்டையில பேஸ் டிரம், இன்னொண்ணுல காங்கோ, அடுத்ததுல ஜால்ரா. பறைன்னு ஒரு கட்டை அவன் கீபோர்டுல கிடையாது. அதனால அடிக்குச்சி சத்தத்துக்கு ஒரு டிரம்மையும், சுண்டுகுச்சி சத்தத்துக்கு இன்னொண்ணையும் தேடிப்பிடிச்சுச் சேர்க்கணும். இதுக்கே அவனுக்கு ஒரு வாரம் ஆச்சு.

அடுத்தது நடை. நம்ம கிராமத்து ஆட்டத்துக்கு அடிக்கிற அடி முக்காவாசி திஸ்ரம். மூணு மூணாப் போகும். கீபோர்டு ஸ்டைல்கள்ல அதிகமா இருக்கிறது நாலு தட்டு. அதனால நாலு தட்டுல ஒவ்வொண்ணையும் மூணாப் பிரிச்சு, பன்னெண்டு இடமாக்கி, அதுக்குள்ள அடியைப் போடறான். இதுவரைக்கும் கணக்கு. இதைப் புஸ்தகம் பார்த்து யாரும் கத்துக்கலாம்.

கணக்குக்கு அப்புறம் வர்றதுதான் விஷயம். கையால தட்டி ரெக்கார்டு பண்ணினா, அடி கொஞ்சம் முன்னப் பின்ன விழும். அதை நேராக்கறதுக்கு 'குவாண்டைஸ்'னு ஒரு வசதி இருக்கு. கயிறு பிடிச்சு நாத்து நடற மாதிரி, எல்லா அடியையும் இழுத்துக் கயித்துமேல வெச்சுடும். வயலுக்கு அது நல்லது, நடுவுல களையெடுக்கிற கருவி ஓட்ட வசதி. தாளத்துக்கு அது எமன். எல்லா அடியும் அச்சு வெச்ச மாதிரி விழுந்தா கால் ஆடாது. உங்க கல்யாண மண்டபத்துல ஓடற கீபோர்டு உங்களுக்கு ஏன் பிடிக்கலைங்கறதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

யமாஹாவோட அந்தப் பக்கத்துல ஒரு தட்டை 1920 துண்டாப் பிரிச்சு வெச்சிருக்கான். கிளாக்குன்னு பேரு. மூணாப் பிரிச்சா 640-க்கு ஒண்ணு. மெஷின் சரியா 640-ல வெக்கும். பையனோட தாத்தா பறை அடிக்கிறவர். அவர் சுண்டுகுச்சி எப்பவும் ஒரு இம்மி பிந்தித்தான் விழுமாம். அதனால பையன் குவாண்டைஸைத் தொடறதில்லை. ஒவ்வொரு அடியையும் முப்பது கிளாக், நாப்பது கிளாக்குன்னு தள்ளித் தள்ளி வெச்சுக் கேக்குறான். கண்ணிமைக்கிற நேரத்துல பத்துல ஒரு பங்குகூட இல்லை அந்த இடைவெளி. ஆனா அதுலதான் அவன் தாத்தா இருக்காரு. அடியோட பலத்துக்கும் 1-லேருந்து 127 வரைக்கும் எண் உண்டு. அதையும் ஒவ்வொண்ணா மாத்தறான். வாசிச்சுக் காட்டுவான், திண்ணையில உக்காந்திருக்கிற கெழவர் தலையாட்ட மாட்டாரு. திரும்பப் போய் நோண்டுவான்.

இன்னொண்ணும் பண்ணினான். இந்த ஸ்டைல்ங்கறது மேல்நாட்டு கார்டு கணக்குல கட்டினது. மூல அமைப்பை 'சி மேஜர் செவன்த்'துல ரெக்கார்டு பண்ணணும். நாம பிடிக்கிற கார்டுக்கு ஏத்தபடி மெஷின் அதை மாத்திக்கும். எங்க அம்மன் பாட்டுக்குக் கார்டு எங்கே இருக்கு? கம்பெனி ஸ்டைலைப் போட்டா மாரியம்மன் தாலாட்டு சினிமா டூயட் மாதிரி கேக்குது. பையன் கார்டு, பேடு, ஃபிரேஸ் தடங்களைச் சுத்தமாக் காலி பண்ணிட்டு, ச-வும் ப-வும் மட்டும் நிக்கிற மாதிரி ஒரு சுருதியை வெச்சான். இது தெரியாம பண்ணின வேலையா? ஒரு மியூசிக் டைரக்டர் ஸ்டூடியோவுல பண்ணினா ஆராய்ச்சிங்கறீங்க. 1986-ல 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரை வெச்சு இசை போட்டதை இன்னிக்கும் பெருமையாப் பேசறீங்க. கிராமத்துப் பையன் பண்ணினா மட்டும் அது கலைக்கொலையா?

சரி, "அவனே தாத்தா மாதிரி பறை அடிக்கலாமே, மெஷின் எதுக்கு?"ன்னு அடுத்த கேள்வி வரும். இந்தக் கேள்வியைக் கேக்கிறவங்க பறையை மேடையில மட்டும் பார்த்தவங்க.

எங்க ஊர் ஊர்த்தெரு, காலனின்னு ரெண்டாக் கிடக்குது. ஊர்த்தெருவுல ஒருத்தர் செத்தா, காலனியிலேருந்து வந்து பறை அடிக்கணும். கூப்பிட்டா வர்றதுன்னு பேரு, ஆனா வரமாட்டேன்னு சொல்ற உரிமை அன்னிக்கு யாருக்கும் கிடையாது. பொணம் எடுக்கிற வரைக்கும் வெய்யில்ல நிக்கணும். வாசப்படி தாண்டக்கூடாது. கூலின்னு ரொக்கமா எதுவும் கிடையாது, அறுவடை முடிஞ்சு களத்துல அளக்கிற நெல்லுதான். காய்ச்சிக் காய்ச்சி அடிச்ச அந்தத் தோலோட சத்தம் உங்களுக்குத் தமிழர் பண்பாடு. அந்தக் கெழவருக்கு அது வாசல்ல நின்ன வருஷங்களோட சத்தம். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்ல பறையைச் சேர்த்திருக்கு, உண்மைதான். அந்தப் பெருமை அவர் வயித்துக்கு வந்து சேரலை.

1980, 90-கள்ல தமிழ்நாட்டுல பல ஊர்கள்ல, இனிமே சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்னு இளைஞர்கள் நிமிர்ந்து நின்னாங்க. பறையையே உடைச்சவங்க உண்டு. அதுக்காக அடியும் உதையும் வாங்கினவங்க உண்டு. இன்னொரு பக்கம், அதே பறையை விடுதலையோட சத்தமா மாத்தி மேடையேத்தினவங்களும் இருக்காங்க. மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025-ல பத்மஸ்ரீ கிடைச்சது. கேட்டப்போ எனக்கும் புல்லரிச்சது. ரெண்டு வழியும் சரிதான். ஆனா எந்த வழியில போகணும்னு முடிவு பண்ண வேண்டியது அந்த வீட்டுப் பிள்ளைங்க. கிரிவலம் வந்த இடத்துல அரை மணி நேரம் நின்னு கேட்டுட்டுப் போற நீங்களும் இல்லை, ஊர்த்தெருவுல வீடு இருக்கிற நானும் இல்லை.

இந்தப் பையன் மூணாவதா ஒரு வழி கண்டுபிடிச்சான். தாத்தாவோட கையை எடுத்துக்கிட்டான், தாத்தா நின்ன இடத்தை விட்டுட்டான். இன்னிக்கு ஊர்த்தெருக் கல்யாணத்துல மேடை மேல, நாற்காலி போட்டு உக்காந்து வாசிக்கிறான். முன்பணம் வாங்காம வர்றதில்லை. இத்தனை மணிக்கு ஆரம்பிப்பேன், இத்தனை மணிக்கு முடிப்பேன்னு சொல்லிடறான். ஊர்ல சிலருக்கு இது பிடிக்கலை. அவங்க வெளிப்படையாச் சொல்ல மாட்டாங்க, "என்ன இருந்தாலும் பறை மாதிரி வருமா"ன்னு சொல்லுவாங்க. பட்டணத்துலேருந்து வர்ற நீங்களும் அதே வார்த்தையைத்தான் சொல்றீங்க. உங்க மனசு வேறங்கறது எனக்குத் தெரியும். ஆனா காதுல விழுறது ஒரே வார்த்தைதானுங்களே.

"இது அந்நிய வாத்தியம்"னு ஒரு கட்சி இருக்கு. அவங்களுக்கு ஆர்மோனியத்தோட கதையை ஞாபகப்படுத்தறேன். ஐரோப்பாவுலேருந்து வந்த பெட்டி அது. நம்ம சங்கீதத்துக்கு ஒத்துவராதுன்னு 1940-ல அகில இந்திய வானொலி அதைத் தள்ளி வெச்சது. தடை தளர 1971 ஆச்சு. அந்த முப்பது வருஷமும் எங்க பக்கத்துத் தெருக்கூத்துல ஆர்மோனியம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. கூத்துக்காரங்க வானொலியைக் கேட்டுக்கிட்டு நிக்கலை. இன்னிக்குச் செய்யாறு பக்கத்துப் புரிசையிலேருந்து உலகம் பூரா கூத்து போயிட்டு வந்துடுச்சு. ஆர்மோனியத்தையும் முகவீணையையும் ஒண்ணா வெச்சுப் பார்த்து 'ஆஹா, மரபு'ங்கறோம். அம்பது வருஷம் எங்க மக்கள் கையில கிடந்தா எந்தப் பெட்டியும் எங்க மண்ணாயிடும். வெளிநாட்டுலயும் இதே கூச்சல் இருந்திருக்கு. 1982-ல இங்கிலாந்து இசைக்கலைஞர் சங்கத்தோட லண்டன் கிளை ஒண்ணு, சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் தடை பண்ணணும்னு தீர்மானம் போட்டது. அடுத்த வருஷமே, ஒரு கம்பெனி கீபோர்டு இன்னொரு கம்பெனி மெஷினோட பேசறதுக்கு மிடிங்கற பொது மொழி வந்துடுச்சு. அந்த மொழியிலதான் எங்க பையன் இன்னிக்குத் தாத்தாவை எழுதறான்.

மெஷின் மேல உங்களுக்கு நிஜமாவே கோபம்னா, நான் ஒரு இடம் காட்டறேன், அங்கே போய்க் கோபப்படுங்க. தீபாராதனை நேரத்துல சின்னச் சின்னக் கோயில்கள்ல ஒரு இரும்புச் சட்டம் தடதடன்னு அடிக்கும், பார்த்திருப்பீங்க. ஒரு மோட்டார், ஒரு மேளம், ரெண்டு மணி, ஒரு சேகண்டி. ஸ்விட்சைப் போட்டா அடிக்கும், அணைச்சா நிக்கும். அதுல யாரோட கையும் இல்லை, யாரோட தாத்தாவும் இல்லை. காலையிலயும் அதே அடி, கார்த்திகைக்கும் அதே அடி. ஒரு தவில்காரர் வலது கை விரல்ல கூடு மாட்டி, இடது கையில கழி பிடிச்சு நிக்க வேண்டிய இடத்துல அது நிக்குது. அது மேல 'உபயம்'னு போட்டு பெயிண்ட்டுல பேரு எழுதியிருக்கும். எழுதினது யாரு பேருன்னு போய்ப் பாருங்க. பாதிக்குமேல சென்னை, பெங்களூர்னு வெளியூர் போய் நல்லா சம்பாதிக்கிற சொந்தக்காரங்க பேருதான். மோட்டார் மேளத்தைக் காணிக்கையாக் கொடுத்த கையோட வந்து, கிளாக் கிளாக்கா எண்ணிப் பீட் போடுற பையனைப் பார்த்து 'கலை போச்சே'ன்னா, என்னங்க நியாயம் இது?

அந்தக் கெழவரோட அடியை யாரும் மெஷின்ல போடலைன்னா, அது அவரோட போயிடும். போட்டிருக்கிறதால ஒரு பென்டிரைவ்லயாவது இருக்கு. ஆனா கீபோர்டால எல்லாம் முடியும்னு நான் சொல்லலை, அந்தப் பையனே சொல்ல மாட்டான். ஆடி மாசம் கூழ் வார்க்கிறப்போ பம்பை, உடுக்கை, சிலம்போட ஆளுங்க வருவாங்க. ஒரு அம்மா மேல சாமி வரப் போகுதுன்னா, பம்பைக்காரருக்கு நமக்கு முன்னாடியே தெரியும். அந்த அம்மாவோட தோளைப் பார்ப்பாரு, மூச்சைப் பார்ப்பாரு. அடி மெல்ல ஏறும். சாமி தயங்குதுன்னா அவரும் தயங்குவாரு, திரும்ப முதல்லேருந்து கூப்பிடுவாரு. மெயின் ஏ-வுலேருந்து பி-க்கு ஃபில்-இன் அடிச்சுத் தாவலாம். டெம்போவையும் கையால ஏத்தலாம். ஆனா ஒரு ஸ்டைலுக்கு எத்தனை பார்னு முன்னாடியே சொல்லியாகணும். சாமி அப்படி பார் எண்ணிக்கிட்டு வராது. திரௌபதியம்மன் கோயில் அக்னி வசந்த விழாவுல, விடிய விடிய நடக்கிற கூத்துலயும் அதேதான். துரியோதனன் வேஷக்காரர் எப்போ திரும்புவாரு, எப்போ நின்னு ஜனங்களை மொறைப்பாருன்னு மத்தளக்காரர் கண்ணால பார்த்துத்தான் அடிக்க முடியும்.

அதனாலதான் எங்க பையன், பம்பை அடிக்க வேண்டிய இடத்துக்குக் கூப்பிட்டா போறதில்லை. "அதுக்கு ஆளுங்க இருக்காங்கண்ணா, அவங்களைக் கூப்பிடுங்க"ன்னு சொல்லிடறான். விழாக் கமிட்டிதான் கேக்க மாட்டேங்குது. ஃபிளக்ஸ் பேனருக்குப் பணம் இருக்கு, வாணவேடிக்கைக்கு இருக்கு, ஆளுயர ஸ்பீக்கர் வெச்ச வண்டிக்கு இருக்கு. பம்பை, உடுக்கை, சிலம்புன்னு நாலு பேருக்குக் கொடுக்கிறப்போ மட்டும் பேரம் பேசறாங்க. பம்பைக்காரர் வீட்டுப் பையன் ஒரகடம் பக்கம் கார் கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டான்னா, அதுக்குக் காரணம் கீபோர்டா, இந்தப் பேரமா? நெல்லுக்கு விலை கிடைக்காம விவசாயி நிலத்தை பிளாட் போட்டு வித்தா, டிராக்டர்தான் விவசாயத்தைக் கொன்னுச்சுன்னு சொல்லுவீங்களா? பெல்ட் வண்டி வெச்சு அறுத்த அரிசியைத்தான் நீங்களும் சாப்பிடறீங்க, நானும் சாப்பிடறேன். அந்தச் சோத்துக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு மெஷினைத் திட்டறது எனக்குச் சிரிப்பா வருது.

கலை வாழணும்னு நிஜமாவே நெனைக்கிறவங்களுக்கு நான் மூணு வேலை சொல்றேன்.

ஒண்ணு: உங்க குலதெய்வக் கோயிலுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பணம் அனுப்பறீங்களே, அதுல 'பம்பை, உடுக்கைக்கு மட்டும்'னு சொல்லி அனுப்புங்க. மோட்டார் மேளத்துக்குக் கொடுக்காதீங்க. ஏற்கெனவே கொடுத்திருந்தா பரவாயில்லை, அது ஒரு ஓரமா நிக்கட்டும், ஆளைக் கூப்பிடுங்க.

ரெண்டு: கல்யாணம், காதுகுத்துன்னு கீபோர்டு வெச்சா, "இங்கத்த அடி உங்ககிட்ட இருக்கா?"ன்னு கேளுங்க. இருந்தா அதுக்குத் தனியாக் கொடுங்க. வாசிக்கிறது ஒரு ராத்திரி வேலை. அந்த ஸ்டைலைப் போடறது ஒரு மாச வேலை. நிலத்தைத் திருத்தினவனுக்கும் அறுவடைக்கு மட்டும் வந்தவனுக்கும் ஒரே கூலியா?

மூணு: பென்டிரைவ். ஒருத்தன் ஒரு மாசம் கண்ணு விழிச்சுப் போட்ட ஸ்டைலை, 'ஒரு காப்பி கொடு தம்பி'ன்னு வாங்கிட்டுப் போய், அடுத்த வாரம் நாலு ட்ரூப்புல ஓட்டறாங்க. யாரு போட்டது, யாரோட அடின்னு எங்கயும் பேரு இல்லை. ராத்திரி பூரா அடிச்சவருக்கு அன்னிக்கும் பேரு கிடையாது. 'அடிக்கிறவங்க வந்தாச்சா'ன்னுதான் கேப்பாங்க. பேரனுக்கும் அதே கதின்னா, தோலை விட்டுட்டு பிளாஸ்டிக்குக்கு வந்து என்ன பிரயோஜனம்? எங்க பையன் இப்ப எல்லா ஸ்டைலுக்கும் தாத்தா பேரை வெச்சு, பின்னாடி நம்பர் போட்டுத்தான் சேவ் பண்றான். திரையில அந்தப் பேரு வரும். காப்பி எடுக்கிறவங்க முதல் வேலையா அதைத்தான் மாத்தறாங்களாம்.

மாத்தாதீங்க. அடுத்த தடவை எங்க பக்கம் வந்தா, கீபோர்டு சத்தம் கேட்டதும் மூக்கைச் சுளிக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு பாட்டு முழுசா நின்னு கேளுங்க. கால் தானா ஆடுச்சுன்னா மேடைகிட்டப் போய், "தம்பி, இது யாரோட அடி?"ன்னு கேளுங்க. அவன் பதில் சொல்லுவான்.